கம்பியில் ஒற்றைப் பூட்டு

மீனவர் குப்பத்தில், கோயிலுக்கு வெளியே குகை மாதிரிக் கட்டிய கெபியில், அந்தோணியார் சிலையின் கையில் குழந்தை இயேசு இருந்தார். காலடியில் உண்டியல் இருந்தது. எதிரே இருந்த இரும்புக் கம்பியில் ஒரே ஒரு பூட்டு தொங்கியது. காசியம்மாள் முதல் இரண்டுக்கும் சேர்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, மூன்றாவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மகளிர் காவல் நிலையத்தில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்தவள். மேலதிகாரிகளுக்கு சல்யூட் அடித்துக் கை அலுத்துப்போய் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டாள். இப்போது செங்கல்பட்டு ஸ்டேஷன் ரோட்டில், ஜெராக்ஸ் கடை மாடியில் ‘காசி துப்பறியும் நிலையம்’ என்று ஒரு போர்டு மாட்டியிருக்கிறாள். வருகிற கேஸில் முக்கால்வாசி, மாப்பிள்ளை குடிப்பானா, சொன்ன சம்பளம் நிஜமா என்கிற ரகம். அதனால்தான் இந்தக் கேஸ் அவளைத் தூங்க விடவில்லை. இதில் ஒரு பெண்ணின் உயிரும், செய்யாத தப்புக்கு உள்ளே போன ஒருவனின் வாழ்க்கையும் மாட்டிக்கொண்டிருந்தன.

“மேடம், இவரு யாரு தெரியுமா?” என்றான் பின்னால் நின்ற முஜீப். “தொலைஞ்சதெல்லாம் கண்டுபிடிச்சிக் குடுக்கிறவராம். நமக்கு முன்னாடியே இந்த லைன்ல கடை போட்டுட்டாரு. ஃபீஸும் கம்மி, ஒரு மெழுகுவர்த்தி.”

முஜீப் சதுரங்கப்பட்டினத்துக்காரன். காசியம்மாளின் ஒரே உதவியாளன், ஸ்கூட்டர் ஓட்டி, போட்டோகிராபர். வாய் மட்டும் ஓயாது. ரம்ஜான் நோன்பில் தண்ணீர்கூட இறங்காத அந்த நண்பகலிலும் அது ஓயவில்லை. இந்த வருஷம் ரம்ஜானும் கிறிஸ்தவர்களின் தவக்காலமும் ஒட்டிக்கொண்டே பிறந்திருந்தன. ஊரில் பாதிப்பேர் பட்டினி கிடந்தால் பிரியாணிக் கடைக்காரன் எந்தச் சாமியிடம் போய் முறையிடுவான் என்பது முஜீப்பின் ஓயாத கவலை.

“பூட்டைப் பாரு. என்னையப் பாக்காத” என்றாள் காசியம்மாள்.

பூட்டின் வளையத்தில் நீலநிற நாடா ஒன்று முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தது. ஐ.டி. கம்பெனிக்காரர்கள் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் நாடா. அதில் வெள்ளை எழுத்தில் ஒரு கம்பெனியின் பெயர். அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடக்கும் ரூத், சிறுசேரியில் வேலை பார்த்த கம்பெனி.

முஜீப் குனிந்து அந்தப் பெயரை இரண்டு தடவை படித்தான்.

தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதனுக்கு முந்தைய நாள் சாயங்காலம் நடந்தது அது. வேலை முடிந்து ஸ்கூட்டியில் மாமல்லபுரம் பக்கமிருந்த தன் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள் ரூத். கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து பிரியும் குறுக்கு ரோட்டில் ஒரு மீன் வண்டி அவளை அடித்துப் போட்டது. 108-க்கு அவளுடைய போனிலிருந்தே அழைப்பு போயிருந்தது. ஆம்புலன்ஸ் வந்தபோது அவளுக்கு நினைவில்லை. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் இன்றுவரை கண் திறக்கவில்லை. அவளுடைய அட்டை ரோட்டில் கிடைத்தது. நாடா கிடைக்கவில்லை.

மறுநாள் காலை வண்டியின் டிரைவர் ஜெபக்குமார் தானாகவே ஸ்டேஷனுக்கு நடந்து போய், “நான்தான் இடிச்சேன்” என்றான். போலீசுக்கு வேலை மிச்சம். நான்கு நாள் கழித்து அவன் மனைவி ஜெசிந்தா, இடுப்பில் குழந்தையோடு காசியம்மாளின் மாடிப்படி ஏறி வந்தாள்.

“ஓட்டினது அவரு இல்ல மேடம். அதுக்கு மேல என்னையக் கேக்காதீங்க. யாருன்னு நீங்களே கண்டுபிடிங்க” என்றாள். ரூத் செத்துப்போனால் கேஸே வேறு, தண்டனையும் வேறு. அது அவளுக்குத் தெரிந்திருந்தது. பேசும்போது கண்ணில் தண்ணீர் வராமல் பார்த்துக்கொண்டாள். அதுதான் காசியம்மாளைக் கேஸ் எடுக்க வைத்தது.

இன்று காலையும் ஜெசிந்தாதான் போன் செய்தாள். “குப்பத்து அந்தோணியார் கெபிக்குப் போங்க. கம்பியப் பாருங்க” என்றாள். வைத்துவிட்டாள்.

காசியம்மாள் நாடாவின் நுனியை விரலால் நெருடினாள். பிய்ந்து வந்தது இல்லை, கத்தியால் நேராக வெட்டியது. மூக்கருகில் கொண்டுபோனாள். இத்தனை வெயிலிலும் மீன் வாடை போகவில்லை.

“அதைத் தொடாதீங்கம்மா” என்று ஒரு குரல் வந்தது. கையில் துடைப்பத்தோடு கோயில்பிள்ளை வந்துகொண்டிருந்தார். கோயிலைத் திறந்து, பெருக்கி, மணியடித்து, பூசைக்கு வேண்டியதை எடுத்து வைப்பவர். “சத்தியப் பூட்டு அது. போட்டவங்களத் தவிர யாரும் தொடக்கூடாது.”

“வேண்டுதல் பூட்டு கேள்விப்பட்டிருக்கேன். அதென்னங்க சத்தியப் பூட்டு?”

“எங்க குப்பத்துல மட்டுந்தாம்மா. ரெண்டு பேரு கோடி அற்புதர் நம்ம அந்தோணியார் முன்னாடி சத்தியம் பண்ணாங்கன்னா, புதுப் பூட்டு ஒண்ணு மாட்டிட்டு ஆளுக்கொரு சாவி எடுத்துக்குவாங்க. வலைப் பங்குத் தகராறு, அண்ணந்தம்பி சண்டை, குடிக்க மாட்டேன்னு பொண்டாட்டிக்குச் சொல்றது, எல்லாத்துக்கும். சத்தியத்த முடிச்சிக்கணும்னா ரெண்டு பேரும் சேந்து வந்து தொறக்கணும்.”

“குடிக்க மாட்டேன்னு போட்டதுதான் ஜாஸ்தி இருக்கும்” என்றான் முஜீப்.

“அதுங்கதான் மொதல்ல தொறக்கும்” என்றார் கோயில்பிள்ளை சிரிக்காமல்.

காசியம்மாள் கம்பியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள். “இவ்ளோ பெரிய கம்பில ஒண்ணுதான் கீது?”

கோயில்பிள்ளையின் முகம் கடுத்தது. “அதாம்மா எனக்கும் பேஜாரு. தவக்காலத்துல இங்க பூட்டே இருக்கக்கூடாது. சாம்பல் புதனுக்கு முந்தின நாள் எல்லாரும் வந்து தொறந்து எடுத்துருவாங்க. முடியாத சத்தியத்த ஈஸ்டருக்கு அப்பால மறுபடி மாட்டிக்கலாம். ஆண்டவரு பாடுபடுற காலத்துல நம்ம வழக்கக் கொண்டாந்து அவரு முன்னாடி வைக்கக் கூடாது. பெரியவங்க போட்ட ஒழுங்கு. அதையும் மீறிப் போட்டா அந்தப் பூட்டு செல்லாது. அன்னிக்கிச் சாயங்காலம் நானேதான் கம்பியத் தொடச்சேன். மறுநா விடிகாலையில சாம்பல் பூசைக்குக் கதவு தொறக்க வந்தா, இது தொங்கிகினு கீது.”

“யாருதுன்னு கேக்கலையா?”

“பூசையிலயே சொன்னோம். யாரும் வரல. இந்த நாடாவ ஏதோ ஸ்கூல் புள்ளைதுன்னு நெனச்சேன்.” அவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். “ஒண்ணு மட்டும் சொல்றேன். போட்டவங்க எங்க ஆளுங்க இல்ல. இங்க பொறந்த பச்சப்புள்ளைக்குக்கூட இந்த ஒழுங்கு தெரியும்.”

காசியம்மாள் நாடாவை அவிழ்க்கவில்லை. முஜீப்பிடம் நாலு கோணத்தில் படம் எடுக்கச் சொல்லிவிட்டு ஸ்கூட்டரை நோக்கி நடந்தாள்.

“ரெண்டு சாவி. ஒரு சாவி யார்கிட்ட இருக்கும்னு நெனைக்கிற?” என்றாள்.

“உள்ள உக்காந்துகினு கீறானே, அந்த மகராசன்கிட்ட. இன்னொண்ணு மீன் கம்பெனி மொதலாளியோட புள்ளகிட்ட. நான் மொதல்லேர்ந்து சொல்றேன். புள்ளையாண்டான் இடிச்சிட்டான், டிரைவர் துட்ட வாங்கினு பழிய ஏத்துக்கினான். எழுதி வெச்சிக்கோங்க.”

இத்தனை நாளும் காசியம்மாளுக்கும் அந்தச் சந்தேகம்தான். ஆனால் முதலாளி வீட்டுப் பிள்ளை விடிகாலையில் எழுந்து வந்து அந்தோணியார் கம்பியில் பூட்டு மாட்டிக்கொண்டு நிற்பதை அவளால் கற்பனை செய்ய முடியவில்லை. அவன் வக்கீல் வீட்டுக் கம்பியைத்தான் பிடித்துக்கொண்டு நிற்பான்.

கிளைச் சிறையின் வார்டர் காசியம்மாளுக்குப் பழக்கம். மகள் கல்யாணத்துக்கு மாப்பிள்ளையை விசாரித்துச் சொன்ன நன்றி இன்னும் பாக்கி இருந்தது. ஜெபக்குமாரைக் கூட்டிவர ஆள் அனுப்பிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“நல்ல பையன் மேடம். சத்தமே கெடையாது. வந்த அன்னிக்கி மட்டும் ஒரு ரகளை. பாக்கெட்ல ஒரு சின்ன சாவி இருந்துச்சு. வாங்கி வைக்கணும்ல, குடுக்க மாட்டேன்னு அழுவுறான். பர்சக் குடுத்தான், போனக் குடுத்தான். அதுக்கு மட்டும் அழுவுறான்.”

முஜீப் காசியம்மாளைப் பார்த்து ஒரு புருவத்தை உயர்த்தினான்.

ஜெபக்குமார் வந்தான். முப்பதைத் தாண்டாத வயது. நடையில் மட்டும் அறுபது தெரிந்தது. கம்பிவலைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு இருவரையும் பார்த்தான். எங்கே போய்ச் சுற்றினாலும் இங்கேதான் வருவீர்கள் என்று தெரிந்துகொண்டவன் மாதிரி இருந்தது அந்தப் பார்வை.

“தண்ணி குடிப்பா” என்று மூடி திறக்காத ஒரு பாட்டிலை வார்டர் வழியாகக் கொடுக்கச் செய்தாள் காசியம்மாள்.

அவன் வாங்கி மூடியைப் பிடித்தான். திருக முடியவில்லை. உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தான், பிறகு பல்லால் கடிக்கப் போனான். கடைசியில் பாட்டிலைப் பக்கத்தில் வைத்துவிட்டு, “தாகம் இல்ல” என்றான். விரல் மூட்டுகள் ஒவ்வொன்றும் வீங்கிப் பளபளத்தன.

“சிக்குன்குனியாவா?”

“ஆமா.”

“எப்பலேர்ந்து?”

“பொங்கலுக்கு அப்பால புடிச்சுது. ஜுரம் வுட்டுடுச்சு. மூட்டு வுடல.”

“இந்தக் கையால தண்ணி பாட்டிலே தொறக்க முடியல. ஸ்டியரிங் எப்டி புடிச்ச?”

அவன் கண்ணை வேறு பக்கம் திருப்பினான். “அன்னிக்கிக் கொஞ்சம் நல்லா இருந்துச்சு.”

“அந்தோணியார் மேல உனக்கு நம்பிக்கை உண்டா ஜெபக்குமார்?”

“நாங்க பெந்தெகொஸ்தே. சிலையெல்லாம் கும்புட மாட்டோம்.” சொல்லி முடித்த பிறகுதான் கேள்வி எங்கே போகிறதென்று அவனுக்கு உறைத்தது. எழுந்துகொண்டான். “மேடம், உங்களக் கையெடுத்துக் கும்புடுறேன். இத வுட்ருங்க. அந்தப் பொண்ணு பொழச்சிக்கணும்னு மட்டும் வேண்டிக்கோங்க. எங்க வூட்டுக்குப் போவாதீங்க.”

வீட்டுக்கு வருவதாக யாரும் சொல்லவே இல்லை.

திருக்கழுக்குன்றம் போகும் வழியில் ஒரு டீக்கடையில் ஸ்கூட்டரை நிறுத்தச் சொன்னாள் காசியம்மாள். சர்க்கரை வியாதிக்காரி. நேரத்துக்கு நாலு பிஸ்கட்டாவது போகவில்லை என்றால் கை நடுங்கும். முஜீப் எதிரே உட்கார்ந்து அவள் டீ குடிப்பதைக் கடமையாகப் பார்த்தான்.

“குடிங்க மேடம். நீங்க குடிக்கக் குடிக்க என் கணக்குல நன்மை ஏறிகினே போவுது.”

அவள் சிரிக்கவில்லை. “முஜீப்பு, உன்கிட்ட ஒரு சத்தியம் வாங்கணும்னா நான் எது மேல வாங்குவேன்?”

“குர்ஆன் மேல. இல்லாட்டி எங்கம்மா மேல.”

“என் சாமி மேல வாங்க மாட்டேன்ல?”

“வாங்கினா எனக்கென்ன, மறுநாளே மீறிடுவேன்.” சொல்லிவிட்டு அவனே நிறுத்தினான்.

“அதான். யாரைக் கட்டிப் போடணுமோ அவங்க பயப்படுற சாமி மேலதான் சத்தியம் வாங்குவாங்க. ஜெபக்குமாருக்கு அந்தோணியார் வெறும் பொம்மை. அப்படீன்னா அந்தப் பூட்டு அவனுக்காகப் போட்டது இல்ல. அடுத்தவங்க வாய்க்குப் போட்டது. அவங்க அந்தோணியார்னா உயிர விடுறவங்க. ஆனா குப்பத்து ஆளு இல்ல. தவக்காலத்துல பூட்டு செல்லாதுன்னு அவங்களுக்கும் தெரியல, அவனுக்கும் தெரியல. அவன் குப்பத்த ஒட்டின காலனியில பொறந்தவன். மத்தவங்க பூட்டு மாட்றதைச் சின்ன வயசுலேர்ந்து வெளியிலருந்து பாத்திருக்கான். உள்ள போயிருந்தாத்தானே ஒழுங்கு தெரியும்.”

“மொதலாளி புள்ள நம்ம லிஸ்ட்லேர்ந்து அவுட்டா அப்ப?” என்றான் முஜீப் கொஞ்சம் வருத்தமாக.

காசியம்மாள் டீ கிளாஸைக் கீழே வைத்தாள். அவள் காதில் ஜெசிந்தாவின் குரல் திரும்பத் திரும்பக் கேட்டது. ஓட்டினது அவரு இல்ல. அதுக்கு மேல என்னையக் கேக்காதீங்க. யாருன்னு தெரியாது என்று அவள் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. கம்பியைப் பாருங்க என்று சொன்னாள். அங்கே என்ன இருக்கிறதென்று அவளுக்கு எப்படித் தெரியும்?

காசியம்மாள் போலீஸ் வேலையில் எத்தனையோ பேரைப் பிடித்திருக்கிறாள். பிடிபட வேண்டுமென்று தேடி வந்து துட்டு கொடுத்தவளை இதுவரை பார்த்ததில்லை. மிச்ச டீயைக் கீழே ஊற்றிவிட்டு எழுந்தாள்.

ஜெசிந்தாவின் வாடகை வீடு திருக்கழுக்குன்றத்தில், மலை தெரிகிற ஒரு சந்தில் இருந்தது. பிறந்தது செங்கல்பட்டுப் பக்கம். கல்யாணத்துக்கு அப்புறம்தான் இந்த ஊர். ஒற்றை அறை. சுவரில் அவள் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த அந்தோணியார் படம். தவக்காலமென்று அதற்குப் பூ வைக்கவில்லை. குழந்தை பாயில் உட்கார்ந்து ஒரு கரண்டியைத் தட்டிக்கொண்டிருந்தது.

“உள்ள வாங்க மேடம். அண்ணே, இன்னும் கொஞ்ச நேரத்துல நோன்பு தொறப்பீங்கல்ல?” என்று முஜீப்புக்கு ஒரு சொம்பு தண்ணீரும் தட்டில் பேரீச்சம்பழமும் கொண்டுவந்து வைத்தாள்.

“பேரீச்சம்பழமெல்லாம் வாங்கி வெச்சிகினு கீறீங்க” என்றான் முஜீப்.

“இன்னிக்கி நீங்க வருவீங்கன்னு தெரியும்ணே.” அவளும் ஒருசந்தி இருந்தாள், ஒரு நாளைக்கு ஒரே வேளைச் சாப்பாடு. முகம் பாதியாகியிருந்தது.

போனில் பாங்கு ஒலித்தது. முஜீப் பழத்தை எடுத்தான். ஆனால் வாயில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு காசியம்மாளைப் பார்த்தான். அவள் தலையசைத்த பிறகுதான் சாப்பிட்டான்.

“ஜெசிந்தா, நான் ஒரு கதை சொல்றேன். நீ ஒண்ணும் சொல்ல வேணாம்” என்றாள் காசியம்மாள். “தப்பா சொன்னா மட்டும், இல்லன்னு சொல்லு.”

ஜெசிந்தா குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

“ஒரு டிரைவருக்கு மூட்டு வீங்கிப்போச்சு. வண்டி ஓட்டலன்னா வேலை போயிடும். அவன் பொண்டாட்டிக்கு ஓட்டத் தெரியும், மணல் ரோட்டுல அவனே கத்துக் குடுத்தது. லைசன்ஸ் கெடையாது. மொதலாளிக்குத் தெரியாம கொஞ்ச நாளா அவதான் ஓட்டிகினு இருந்தா.”

ஜெசிந்தா குழந்தையின் தலைமுடியைக் கோதினாள்.

“சாம்பல் புதனுக்கு முந்தின நாள் குறுக்கு ரோட்டுல ஒரு பொண்ணு மேல மோதிட்டா. இறங்கி ஓடிப்போய்ப் பாத்தா. கழுத்துல ஐ.டி. கார்டு நாடா இறுக்கிகினு கீது. மீன் வெட்டுற கத்திய எடுத்து அத அறுத்தா. அந்தப் பொண்ணோட போன எடுத்து 108-க்கு அவதான் பேசினா. ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டப்புறம்தான் அங்கேர்ந்து போனா. நாடா அவ கையிலயே வந்துடுச்சு.”

குழந்தை கரண்டியை நழுவவிட்டது. எடுத்துக் கொடுக்க ஜெசிந்தா குனியவில்லை.

“புருஷன் சொல்லிட்டான், நான் போறேன், புள்ளைக்கு அம்மா வேணும்னு. நீ ஒத்துக்கல. உன் வாய எது கட்டும்னு அவனுக்குத் தெரியும். விடிகாலையில கெபிக்குக் கூட்டினு போய் புதுப் பூட்டு ஒண்ணக் கைல குடுத்தான். யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு அந்தோணியார் மேல சத்தியம் பண்ண வெச்சான். நீ பண்ண. ஆனா பூட்டுல அந்த நாடாவயும் கட்டிட்ட. தொலைஞ்சத கண்டுபிடிச்சிக் குடுக்கிறவரு முன்னாடி. அப்புறம் என்கிட்ட வந்த.”

ஜெசிந்தா ஒரு தடவைகூட ‘இல்லை’ என்று சொல்லவில்லை. கழுத்திலிருந்த, மாதா படம் கோத்த உத்தரியக் கயிற்றை இழுத்து வெளியே எடுத்தாள். அதில் ஒரு சின்ன சாவி கோத்திருந்தது.

“நான் எதுவும் சொல்லலதானே மேடம்?” என்றாள். “சத்தியம் முறியலதானே?”

முஜீப் எழுந்து வாசலுக்குப் போய் நின்றுகொண்டான்.

“முறியறதுக்கு அது சத்தியமே இல்லம்மா” என்றாள் காசியம்மாள். “தவக்காலத்துல அந்தக் கம்பியில போட்ட பூட்டு செல்லாதாம். குப்பத்துல எல்லாருக்கும் தெரியும். உங்க ரெண்டு பேருக்குத்தான் தெரியல.”

ஜெசிந்தா அவளையே பார்த்தாள்.

“செல்லாதா? அப்ப மொத நாளே நான் சொல்லியிருக்கலாமா?” என்றாள். பிறகு உடைந்தாள். இத்தனை நாளும் அடக்கி வைத்திருந்த அழுகை குழந்தையின் தலைமேல் கொட்டியது. குழந்தையும் பயந்து சேர்ந்து அழுதது. “சாப்பிடும்போதெல்லாம் அந்தப் பொண்ணு மொகந்தான் மேடம். சத்தியத்த மீறினா கோபத்துல அந்தோணியாரு அந்தப் பொண்ண எடுத்துக்குவாரோன்னு பயந்துகினு வாயத் தொறக்காம கெடந்தேன். வெறும் இரும்புக்கா பயந்தேன்?”

காசியம்மாள் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

அழுகை ஓய்ந்த பிறகு ஜெசிந்தா முகம் கழுவினாள். நல்ல புடவை ஒன்று எடுத்துக் கட்டிக்கொண்டாள். “ஸ்டேஷனுக்கு வரேன் மேடம். ஆனா மொதல்ல ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போங்க. அந்தப் பொண்ணோட அம்மா இத போலீஸ்காரன் சொல்லித் தெரிஞ்சிக்கக் கூடாது.”

“வேணாம்மா” என்றான் முஜீப் வாசலிலிருந்து. “அங்க சொந்தக்காரங்க இருப்பாங்க. அடிச்சிடுவாங்க.”

“அடிக்கட்டும்ணே.”

தீவிர சிகிச்சைப் பிரிவின் வெளியே நீண்ட பெஞ்சில் ரூத்தின் அம்மா செல்லம்மா தனியாகத்தான் உட்கார்ந்திருந்தாள். சொந்தக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். அறுவடைக் கூலிக்குப் போய் மகளைப் படிக்க வைத்தவள். மகள் முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்த கைக்கடிகாரம் மணிக்கட்டில் பெரிதாகத் தொங்கியது. காசியம்மாளை அவளுக்கு முன்பே தெரியும். எழுந்திருக்கப் போனாள்.

“உக்காரும்மா. எப்டி கீது?”

“அப்டியேதான் கீது. நாளைக்கி மறுபடி ஆபரேசன் பண்ணணும்றாங்க. பண்ணாலும் சொல்ல முடியாதாம்.” பார்வை ஜெசிந்தா பக்கம் திரும்பியது. “இது யாரு?”

காசியம்மாள் வாயைத் திறப்பதற்குள் ஜெசிந்தா முன்னால் வந்துவிட்டாள்.

“வண்டி ஓட்டினது நான்தாம்மா. என் வூட்டுக்காரு இல்ல.”

செல்லம்மா அசையவில்லை. முஜீப் தோளில் குழந்தையோடு இரண்டடி முன்னால் வந்து நின்றான், ஏதாவது நடந்தால் நடுவில் விழுவதற்காக. வராந்தாவில் ஒரு நர்ஸ் டிரேயோடு போனாள். அவளுடைய செருப்புச் சத்தம் தேய்ந்து மறைந்தது.

“நீ கிட்டதான் இருந்தியா?” என்றாள் செல்லம்மா.

“ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும். அது தலைய என் மடியில வெச்சிகினு இருந்தேன்.”

“எம் பொண்ணு எதனா பேசிச்சா?”

“பேசிச்சும்மா. 108-க்குப் பேசிட்டு, உங்க வூட்டுக்குப் போன் போடட்டுமான்னு கேட்டேன். ‘எங்கம்மாவுக்கு இப்ப சொல்லாதீங்கக்கா, அது ராத்திரியெல்லாம் தூங்காது’ன்னுச்சு. அவ்ளோதான். அதுக்கப்பறம் கண்ண மூடிகிச்சு.”

செல்லம்மா கண்களை மூடிக்கொண்டாள். அவள் மகள் கடைசியாகப் பேசியது என்ன என்று இத்தனை நாளும் எந்த டாக்டராலும், எந்தப் போலீசாலும் அவளுக்குச் சொல்ல முடியவில்லை. நெஞ்சில் கையை வைத்து அழுத்திக்கொண்டாள். அந்த அழுகைக்குச் சத்தமே இல்லை. காசியம்மாளால் அதைப் பார்க்க முடியவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“நீ எங்கயும் போவாத” என்றாள் செல்லம்மா கடைசியில். குரலில் இரக்கம் இல்லை, கோபமும் இல்லை. “இங்கயே உக்காரு. அது கண்ணு முழிச்சா, நீ சொன்னது நெசமான்னு நான் கேக்கணும்.”

ஜெசிந்தா பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தாள். இருவருக்கும் நடுவில் இன்னொரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் இருந்தது. இருவரும் எதிரே இருந்த மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

காசியம்மாளின் போன் அதிர்ந்தது. வழியிலேயே சொல்லி வைத்திருந்த இன்ஸ்பெக்டர். “மேடம், ஆளக் கண்டுபிடிச்சிட்டேன்னு சொன்னீங்களே. எங்க இருக்கீங்க? எப்போ கூட்டினு வர்றீங்க?”

காசியம்மாள் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தாள்.

“அந்தம்மா விட்டதும்” என்றாள்.